பக்கத்துக் கவுண்டிக்கு வறட்சி நிவாரணம் உண்டு, எங்களுக்கு ஏன் இல்லை?

ஆட்டுக்கிடை (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவின் டெக்சஸில், கடற்கரையை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) 110 வெள்ளாடுகளும் 14 மாடுகளும் வளர்க்கிறேன். இந்தக் கோடையில் புல் வேரோடு காய்ந்து, செருப்புக் காலால் உரசினாலே தூளாகிறது; தீவனம் விலைக்கு வாங்கித்தான் போடுகிறேன். வேலிக்கு அப்பால், பக்கத்துக் கவுண்டிக்காரருக்கு மேய்ச்சல் நிவாரணம் உண்டு என்கிறார்கள். எங்கள் கவுண்டிக்கு இன்னும் இல்லை. ஒரே வெயில், ஒரே மண் என்றிருக்க, இது எப்படி முடிவாகிறது? அந்தப் பக்கம் 60 ஏக்கர் குத்தகைக்கு வைத்திருக்கிறேன், அதற்காவது கிடைக்குமா?

மேட்டுக்காடு

ஐயா, நீங்கள் கேட்பது எல்.எஃப்.பி. என்னும் தீவனப் பேரிடர்த் திட்டம். வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் உங்கள் கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதி எந்தப் படிநிலையைத் தொட்டது என்பதை வைத்தே தகுதி முடிவாகிறது; உங்கள் காடு எவ்வளவு காய்ந்தது என்பதை வைத்து அல்ல. வரைபடத்தில் டி3 என்றால் தீவிர வறட்சி, டி4 என்றால் அதற்கும் மேலான உச்சப் படி. மேய்ச்சல் பருவத்தில் டி3 ஒருமுறை விழுந்தால் மூன்று மாதத் தொகை. டி3 நான்கு வாரம் இருந்தாலோ டி4 ஒருமுறை வந்தாலோ நான்கு மாதத் தொகை. டி4 நான்கு வாரம் இருந்தால் ஐந்து மாதத் தொகை. மந்தையின் தீவனச் செலவு, நிலத்தின் தாங்குதிறன் (அந்த நிலம் இயல்பாக எத்தனை கால்நடைகளுக்குத் தீனி தரும் என்ற கணக்கு) இரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதம் ஒரு மாதத் தொகையாகும். கவுண்டி எல்லையில் குடியிருப்பவருக்கு இந்த முறை கசக்கும், எனக்கும் கசந்திருக்கிறது.

ஆனால் நிலம் எந்தக் கவுண்டியில் கிடக்கிறதோ அந்தக் கவுண்டியின் தகுதியே அதற்குப் பொருந்தும் என்பதால், அந்த 60 ஏக்கரை விட்டுவிடாதீர்கள். அது உங்கள் பெயரில் ஏக்கர் அறிக்கையில் (எந்த நிலத்தை எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று அரசு வேளாண் அலுவலகத்தில் தரும் பதிவு) இருக்க வேண்டும். வறட்சி தொடங்குவதற்கு முந்தைய 60 நாட்களில் கால்நடைகள் உங்களிடம் இருந்ததற்கும் சான்று வேண்டும்.

குட்டிக்காரி

நிலத்துக்கு மட்டுமல்ல, இறந்த கால்நடைக்கும் தனித் திட்டம் உண்டு: எல்.ஐ.பி. 2021 பிப்ரவரி உறைபனியில், பிறந்து இரண்டு நாளான குட்டிகள் வைக்கோலோடு ஒட்டி விறைத்துக் கிடந்ததைக் கண்டு, அழுதுகொண்டே நாங்கள் முதலில் செய்தது, தேதி தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்ததுதான். சந்தை விலையில் 75 சதவீதம் தருகிறார்கள்; இயல்பாக இறக்கக்கூடிய எண்ணிக்கையைக் கழித்த பிறகே கணக்கு. அன்று படம் எடுத்திராவிட்டால் எத்தனை இறந்தன என்று எதைக் காட்டியிருப்போம்?

மேட்டுக்காடு

அம்மா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். 2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவில் மழையும் அதன்மேல் பனிப்புயலும் அடித்தபோது, குளிர்கால ரோமம் வளராமல் கோடை மேய்ச்சலிலேயே நின்ற மாடுகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. 2011 செப்டம்பரோடு இந்த எல்.ஐ.பி. திட்டம் காலாவதியாகியிருந்தது. அரசும் அப்போது முடங்கிக் கிடந்தது. 2014 பண்ணைச் சட்டம் திட்டத்தை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் முதலான இழப்புகளுக்கும் பின்தேதியிட்டு வழங்கியது. கேட்க அலுவலகமே இல்லாத நாட்களிலும் எண்ணிக் குறித்து வைத்தவர்களால்தான் அன்று கணக்குக் காட்ட முடிந்தது.

ஆட்டுக்கிடை

மிக்க நன்றி. குத்தகை வாய்மொழியாகவே நடந்து வந்தது. நாளைக் காலையிலேயே நிலக்காரரிடம் கையெழுத்து வாங்கி, தீவன ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறேன்.