புதுப்பிப்பு: பள்ளிப்பை நிதியும் போர்வைகளும்

குழந்தைகளுக்கான நிவாரண அமைப்பில் நிதி அலுவலராகச் சேர்ந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். வெள்ளம் வந்தபோது, பள்ளிப்பைக்கு வந்த நிதியில் போர்வை வாங்கக் களக்குழு கேட்டது. நான் கையெழுத்திட மறுத்தேன். அன்று தூக்கமே வரவில்லை. என்ன ஆயிற்று என்று பலர் கேட்டதால் இது.

மறுநாள் காலையிலேயே நன்கொடையாளருக்கு எழுதினோம். பல நன்கொடை ஒப்பந்தங்களில் பட்ஜெட்டின் ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு 10 சதவீதம் வரை நாமே மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். எங்களுடையது தாண்டியது. மூன்றாம் நாள் ஒப்புதல் வந்தது, போர்வைகளும் போய்ச் சேர்ந்தன. அந்த இரண்டு இரவுகள் குளிரில் கிடந்த குழந்தைகளை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஆனால் ஒப்புதல் இல்லாமல் செலவழித்திருந்தால் தணிக்கையில் அந்தச் செலவு ஏற்கப்படாமல் போய், அந்தத் தொகையை நாங்களே திருப்பிக் கட்ட நேர்ந்திருக்கும். அப்படிக் கட்ட எங்களிடம் தனிப்பணம் ஏது?

அப்புறம், இப்போது அவசரநிலைக்கென ஒரு தனித் தலைப்பைத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் கேட்டு வாங்குகிறோம். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று: விநியோகப் பட்டியலைச் செலவுச் சீட்டோடு இணைக்கும்போது குழந்தைகளின் பெயரை எடுத்துவிட்டுக் குறியீட்டு எண் மட்டும் வைக்கிறோம். கணக்குக் கோப்பு பல கைகள் மாறும். பெயர்ப் பட்டியல் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரிடம் தனியாகப் பூட்டில் இருக்கிறது. தணிக்கையாளர் கேட்டால் அங்கேயே பார்க்கலாம்.

வேலையை விடவில்லை. அடுத்த காலாண்டு அறிக்கை வேலையில் உட்கார்ந்திருக்கிறேன்.