புதுப்பிப்பு: உப்புச் சேற்றில் வாழும் வேற்றுக்கிரகவாசிகளின் இனப்பெருக்கம்

என் கதையின் வேற்றுக்கிரகவாசிகள் அலையேறும் உப்புச் சேற்றில் முட்டையிட்டால் குஞ்சு எப்படிப் பிழைக்கும் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

கடல்குதிரை போல ஆண் வயிற்றுப்பையில் சுமப்பது பொருந்தவில்லை. என் ஆண்கள் வலசை போகிறவர்கள். கைகொடுத்தது கடலூர் நண்பர் சொன்ன சுரபுன்னை, அதாவது உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம். பிச்சாவரத்தில் படகிலிருந்து பார்த்தேன்: விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைப்பிஞ்சு போலப் பச்சையாகக் கூர்நுனியுடன் தொங்குகிறது. என்ன அழகான ஏற்பாடு! என் உயிர்களும் இனி குஞ்சை உடலிலேயே வளர்த்து, சேற்றில் நிற்கும் வலு வந்தபின் உதிர்க்கும்.

எதிர்பாராதது ஒன்று. உதிர்ந்தும் சேற்றில் ஊன்றாத சுரபுன்னை நாற்று வாரக்கணக்கில் மிதந்து வேறு கரை சேரும். என் உயிர்களுக்கும் அப்படியானால் தாய்க்குத் தன் பிள்ளை யாரென்றே தெரியாது. வாரிசுச் சண்டை அத்தியாயத்தை முழுவதுமாக நீக்கிவிட்டேன்.