மெகாபார்செக்: பிழை ஓரிடம், செய்தி காட்டுவது வேறிடம்

காட்பாடி_கோடு:
வேலூரிலிருந்து கிளம்பும் பஸ் நேரங்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பிலிருந்து படிக்க ஹாஸ்கெல் நிரல்மொழியில், மெகாபார்செக் நூலகத்தை வைத்து ஒரு பார்சர் (உரையைப் பகுத்துப் படிக்கும் நிரல்) எழுதுகிறேன். மூன்றாவது வரி இப்படி:

வேலூர் > ஆற்காடு 0715

07:15 என்று இருக்க வேண்டும், நடுவில் முக்காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. ஆனால் வரும் செய்தி: 3:1 (மூன்றாம் வரி, முதல் இடம்), எதிர்பாராத 'வ', வரவேண்டியது கோப்பின் முடிவு. கோப்பைத் தட்டச்சு செய்பவருக்கு இதில் என்ன புரியும்? வரிகளை 'மெனி (ட்ரை வரி)' என்று, அதாவது முடிந்தவரை திரும்பத் திரும்பப் படித்து, பிறகு கோப்பு முடிந்ததா என்று பார்க்கும் 'ஈஓஎஃப்' வைத்திருக்கிறேன்.

பாலாற்றங்கரை:
அந்த ட்ரைதான் காரணம். வரி பாதியில் தோற்றதும் ட்ரை தொடக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. மெனி அதை 'வரிகள் தீர்ந்தன' என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளே கிடைத்த நல்ல பிழைச்செய்தி அங்கேயே போய்விடும். கடைசியில் பேசுவது ஈஓஎஃப் மட்டும். உங்கள் வரிகளுக்கு ஒரே வடிவம்தானே, ட்ரையை எடுத்துவிடுங்கள்.

அடுத்து <?>. பிழைச்செய்தியில் காட்டவேண்டிய பெயரை (லேபல்) ஒரு துண்டுக்குக் கொடுப்பது இதுதான். நேரம் முழுவதற்கும் ஒரே லேபல் போட்டால் இங்கே பயனில்லை. எதையும் படிக்காமல் தோற்றால்தான் லேபல் தெரியும். இங்கே '07' ஏற்கெனவே படித்தாகிவிட்டது. முக்காற்புள்ளி படிக்கும் துண்டுக்கே "மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி" என்று லேபல் கொடுங்கள்.

நேரம் 25:10 என்று இருப்பது போன்ற தவறு வேறு வகை: வடிவம் சரி, மதிப்புதான் தவறு. அங்கே நாமே பிழை அறிவிக்கும் 'ஃபெயில்' போட்டால் எண்ணைத் தாண்டிய இடம்தான் காட்டும். எண்ணைப் படிக்கும் முன்பே கெட்ஆஃப்செட் மூலம் அப்போதைய இடத்தை எடுத்து வைத்து, அந்த இடத்தையே பிழையை எழுப்பும் பார்ஸ்எரருக்குக் கொடுங்கள்.

ஆரணி_லாம்ப்டா:
ட்ரையை எடுத்ததும் 3:20 என்று வரும். கண்ணால் எண்ணினால் 14தான். மெகாபார்செக் யூனிகோட் குறிகளை எண்ணுகிறது: 'வேலூர்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. அச்சிடும்போது அந்த இடம் வரை இஸ்மார்க் (துணைக்குறியா என்று பார்ப்பது) உண்மையாகும் குறிகளைக் கழியுங்கள். டெர்மினலில் தமிழ் எழுத்தின் அகலம் சீராக இராது, அதனால் பிழை இடத்தைச் சுட்டும் ^ குறியை நம்பாமல் மீதித் துண்டையே மேற்கோளில் காட்டுவது நல்லது.

ஊர்ப் பெயருக்கு, எழுத்தை மட்டும் ஏற்கும் லெட்டர்சார் வேண்டாம். துணைக்கால், புள்ளி எல்லாம் அதற்கு எழுத்தல்ல; 'வ' முடிந்ததும் நின்றுவிடும். நிபந்தனை பொருந்தும்வரை படிக்கும் டேக்வைல்1பி-யில் இஸ்ஆல்ஃபா (எழுத்தா என்று பார்ப்பது) அல்லது இஸ்மார்க் என்று கொடுங்கள்.

காட்பாடி_கோடு:
சொன்னதெல்லாம் செய்தேன், இப்போது இடம் சரியாக வருகிறது. எல்லா வரிப் பிழைகளையும் ஒரே ஓட்டத்தில் காட்ட முடியுமா?

பாலாற்றங்கரை:
முடியும். வரியை, தோற்றாலும் மீண்டு தொடரவைக்கும் வித்ரெகவரிக்குள் வையுங்கள். மீட்கும் பகுதியில் முதலில், பிழையைப் பதிவு செய்யும் ரெஜிஸ்டர்பார்ஸ்எரர். அதை மறந்தால் தவறான வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். பிறகு வரி முடிவு வரை தள்ளி, வரிமுறிப்பு இருந்தால் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கோப்பு முடிந்த பிறகு தள்ள எதுவும் இராது. மீட்பு ஒன்றும் படிக்காமலே வெற்றி பெறும், மெனி நிற்காமல் சுற்றும். அதனால் மெனிக்குப் பதில், கோப்பு முடியும்வரை மட்டும் படிக்கும் 'மெனிடில் வரி ஈஓஎஃப்'.