ரேஸ் கார் செய்யும் நம்ம ஊர் மாணவர்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கணபதி லேத்காரர்:

வணக்கமுங்க. கோவை கணபதியில் 26 வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு, மோட்டார் உதிரிபாகம்தான் தினசரி வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மாதச் சாயங்காலம், இன்ஜினியரிங் மாணவர்கள் நாலு பேர் டூவீலரில் ஒரு அலுமினியக் கட்டையை வைத்துக்கொண்டு வந்தார்கள். மாணவர்கள் சொந்தமாக ரேஸ் கார் செய்து கொண்டுவந்து மோதும் ஃபார்முலா பாரத் போட்டிக்குத் தாங்களே கார் செய்கிறார்களாம். முன்சக்கர பேரிங் உட்காரும் ஹவுசிங்கைக் கடைந்து தர வேண்டும் என்றார்கள். இரண்டு பட்டறைகளில், ஒரே ஒரு பீஸுக்கு மெஷின் செட்டிங்கை மாற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். டிராயிங்கைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. ஒவ்வொரு அளவுக்கும் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடலாம், குறையலாம் என்று ஒழுங்காகப் போட்டிருந்தது. சம்பளம் வாங்கி டிராயிங் போடுகிறவர்களே பல நேரம் அதை விட்டுவிடுவார்கள்.

பேரிங் உட்காரும் துளையின் அளவு 62 மி.மீ. ரஃப் கட் முடிந்தபோது பீஸ் நல்ல சூடு. ஆறட்டும், இப்போது அளந்தால் ஏமாந்துவிடுவோம், நாற்பது மைக்ரானாவது சுருங்கும் என்றேன். அது கைப்பழக்கத்தில் வந்த கணக்கு. கூட வந்த பெண், "அண்ணா, ஒரு நிமிஷமுங்க" என்று சாக்பீஸை எடுத்தாள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், சூடு முப்பது டிகிரி கூடுதல், அளவு 62 மி.மீ. பெருக்கிச் சுவரில் எழுதினாள்: 43. இத்தனை வருடம் என் கைக்குத் தெரிந்த ஒன்றை எண்ணாக அன்றைக்குத்தான் பார்த்தேன். டீ குடித்துவிட்டு வந்து, ஆறிய பீஸை அளந்து, கடைசிக் கட் ஓட்டினேன். பேரிங் கையால் அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு வெள்ளையடித்தபோது அந்தச் சுவரில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

போட்டியன்று சொந்தத்தில் ஒரு கல்யாணம், போக முடியவில்லை. போட்டியைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செட்டிபாளையத்துக்காரன்:

இந்தப் போட்டி நடக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டு வருடம் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். கோவையிலேயே ரேஸ் கார்களை வடிவமைத்துச் செய்த கரிவர்தனின் பெயரில் அமைந்த பாதை அது.

முதலில் வருகிற கார் ஜெயிக்கும் பந்தயம் இல்லைங்க இது. பாதையில் இறங்குவதற்கு முன்பே காரை 60 டிகிரிக்குச் சாய்த்து நிறுத்துவார்கள். ஒரு சொட்டு எரிபொருள் ஒழுகக் கூடாது. பிரேக் சோதனையில் நாலு சக்கரமும் ஒருசேர நின்றுவிட வேண்டும். கடைசியாக 22 கி.மீ. ஓட்டம். பாதியில் ஓட்டுநர் மாற வேண்டும், அதற்கு மூன்று நிமிடம், என்ஜினை அணைத்துவிட வேண்டும். வினையே அங்கேதான். சூடான என்ஜின் அவ்வளவு சுலபமாகத் திரும்பக் கிளம்பாது.

ஒரு கார் அப்படி நின்றது. புதிதாக ஏறிய பையன் ஸ்டார்ட்டரை அழுத்துகிறான், சுற்றுகிறது, பிடிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற அவர்கள் குழுப் பையன் கிரீஸ் கையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். நாலாவது தடவை பிடித்தது. பல கார்கள் அந்த 22 கி.மீ.யை முடிப்பதே இல்லை, அது முடித்தது. எத்தனையாவது இடம் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

பழைய ஜி.சி.டி. மாணவன்:

2008இல் சந்திரயான்-1 கிளம்பியபோது அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. கோதவாடியில் பிறந்து எங்கள் கல்லூரியில், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.), படித்தவர். அன்றைக்கு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதே சந்தோஷம் இந்த 43 மைக்ரானைப் படித்தபோதும் வந்தது. ஆனால் ஒரு ஆதங்கம். இப்படிக் கார் செய்த ஒரு பையனை, வருகைப் பதிவு குறைந்துவிட்டது என்று பரீட்சை எழுத விடவில்லை. கல்லூரியின் பெயர் வேண்டாம். ராத்திரி இரண்டு மணி வரை வெல்டிங் வைத்தவனுக்கு அந்த நேரமெல்லாம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கோபி அம்மா:

என் மகளும் இப்படி ஒரு குழுவில் இருக்கிறாளுங்க. அரசுப் பள்ளி, தமிழ்வழி. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது, கட்டணம் அரசே கட்டுகிறது. முதல் செமஸ்டரில் பாடம் புரியவில்லை என்று தினமும் போனில் அழுவாள். இப்போது காரின் வயரிங் முழுக்க அவள் பொறுப்பு. போட்டி வேலை இருக்கிறது என்று பொங்கலுக்குக்கூட வரவில்லை, எனக்குக் கோபம்தான். அப்புறம் வீடியோ காலில் காட்டினாள். ஒவ்வொரு வயரிலும் துண்டு டேப் ஒட்டி, "எரிபொருள் பம்பு", "பிரேக் விளக்கு" என்று அவள் கையெழுத்தில் தமிழில் எழுதியிருந்தது. அந்தப் படத்தை அவள் அப்பா ரைஸ்மில்லில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார்.

அண்ணா, இந்த வருடக் காருக்கு அவர்களுக்கும் ஒரு ஹவுசிங் கடைய வேண்டுமாம். செய்து தருவீர்களா?

கணபதி லேத்காரர்:

வரச் சொல்லுங்க அம்மிணி. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மெஷின் சும்மாதான் இருக்கும். டிராயிங்கைப் போனில் காட்டாமல் பேப்பரில் எடுத்துவரச் சொல்லுங்க. பேரிங்கையும் கையோடு கொண்டுவரணும், அதை வைத்துப் பார்க்காமல் கடைசிக் கட் ஓட்ட மாட்டேன்.