பீச், நெக்டரின் எப்போது பறிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் இருக்கிறோம். கொல்லையில் ஓ ஹென்றி ரகப் பீச் மரம் ஒன்றும் ஃபான்டேசியா ரக நெக்டரின் (தோலில் ரோமம் இல்லாத பீச் வகை) மரம் ஒன்றும் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கின்றன. பறிக்கும் பதம் பார்ப்பதில்தான் உங்கள் உதவி வேண்டும்.

சிவப்பை நம்ப முடியாது. வெயில் படும் பக்கம் காயாக இருக்கும்போதே சிவந்துவிடுகிறது. காம்பை ஒட்டிய இடத்தில் பச்சை போய் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஓ ஹென்றிக்குத் தோல் ஏறக்குறைய முழுக்கச் சிவப்பு, சிவப்புக்கு அடியில் இருக்கும் அந்தப் பச்சை, மஞ்சள் நிறமே சரியாகத் தெரிவதில்லை. இந்த ரகம் வளர்ப்பவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? லேசாகத் திருகியதும் கையோடு வந்தால் போதுமா, காம்புப் பக்கம் மெத்தென்று ஆகும்வரை விடலாமா?

பறித்த பிறகு பழம் மென்மையாகும், மணமும் வரும். இனிப்பு மட்டும் ஏறாது. அதனால் சீக்கிரம் பறிக்க மனம் வரவில்லை. விட்டுவைத்தால் பறவைகள் கொத்துகின்றன. அப்புறம், வெயில் நன்றாகப் படும் மேல்கிளைப் பழங்கள்தான் முதலில் பழுக்கின்றன. ஒரு மரத்தை எத்தனை தடவையாகப் பறிப்பீர்கள்? நெக்டரினுக்கும் இதே கணக்குதானா? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.