ஒன்பதை இரண்டு தரம் ஆடினால் பதினெட்டா?

தோள்பை:
வழிப்போக்கன் வேறொரு இழையில் நியாயமான ஒரு கேள்வி கேட்டிருந்தார். நகரங்களை விட்டு வெகுதூரம், முன்பின் தெரியாத கிராமப்புறத்தில் பயணம். நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஆடத் தகுந்த கோல்ஃப் மைதானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு நாட்டாமை18 சொன்ன தீர்ப்பை அப்படியே ஒட்டுகிறேன்: "பதினெட்டுக் குழி இல்லாத இடம் மைதானமே இல்லை. அத்துவானத்தில் இருப்பதெல்லாம் ஒன்பது குழி மேய்ச்சல் நிலம். மட்டைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்."

படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கேயே எழுதினால் அடியில் புதைந்துபோகும், அதனால் தனி இழை. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் டர்னஸ் என்று ஓர் இடம். ஒன்பது குழிதான், பதினெட்டாக ஆட இரண்டு தரம் சுற்ற வேண்டும். கடைசிக் குழியில், முதல் அடி அடிக்கும் டீக்கும் குழி இருக்கும் கிரீனுக்கும் நடுவே கடல் புகுந்து கிடக்கிறது, அதைத் தாண்டி அடிக்க வேண்டும். அங்கே மேய்கிற மாட்டைக் கொஞ்சம் காட்டுங்கள் பார்ப்போம்.

நாட்டாமை18:
தனி இழையா! நம்ம மேல இவ்வளவு பாசமா. கடல் இருக்கட்டும், மலை இருக்கட்டும். ஒரே கேள்வி: அங்க பத்தாவது குழி எங்க இருக்கு?

தோள்பை:
பதினெட்டு டீ இருக்கு. இரண்டாவது சுற்றில் வேற இடத்திலிருந்து, வேற கோணத்தில், வேற நீளத்துக்கு அடிக்கிறோம்.

நாட்டாமை18:
டீயைக் கேட்கல. குழியைக் கேட்டேன். அதே குழியில ரெண்டு தடவை பந்தைப் போட்டா ரெண்டு குழியா?

ஸ்லோப்113:
இருவருக்கும் பணிவான வேண்டுகோள். 2019-இல் திருத்தி எழுதப்பட்ட விதிகளில் 'ரவுண்டு' என்பதற்கு வரையறை இருக்கிறது: கமிட்டி வகுத்த வரிசையில் ஆடப்படும் பதினெட்டு அல்லது அதற்குக் குறைவான குழிகள். ஆக, ஒன்பதும் ரவுண்டுதான். இத்துடன் விவாதத்துக்கே வேலை இல்லை.

நாட்டாமை18:
ரவுண்டைப் பத்தி யார் பேசினா? மைதானத்தைப் பத்திப் பேசறோம். அதே குழி. ரெண்டு தடவை.

தோள்பை:
ஸ்லோப் சார், வரையறையெல்லாம் இவருக்கு எடுபடாது, சரித்திரம் சொன்னால்தான் அடங்குவார். ஸ்காட்லாந்தின் மஸ்ஸல்பரோ. ஒன்பதே குழி. 1874 முதல் 1889 வரை ஆறு முறை ஓப்பன் சாம்பியன்ஷிப், அதாவது பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி, அங்கே நடந்தது. அப்போது ஓப்பன் என்றால் மொத்தம் 36 குழி. அதாவது அதே ஒன்பதை நான்கு தரம் ஆடி சாம்பியன் ஆனார்கள். அதற்கு முன்னால் 1860-இல் முதல் ஓப்பனே பிரெஸ்ட்விக்கில், பன்னிரண்டு குழியை மூன்று தரம் சுற்றித்தான் நடந்தது. பதினெட்டு என்ற எண்ணே செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானக்காரர்கள் 1764-இல் தங்கள் 22 குழியைக் குறைத்ததால் வந்தது. வேதம் ஒன்றும் இல்லை. அவர்கள் வேறு மாதிரிச் சுருக்கியிருந்தால் நம்ம நாட்டாமை இன்று வேறு எண்ணைப் பெயரில் ஒட்டிக்கொண்டு வந்திருப்பார்.

நாட்டாமை18:
1892-ல ஓப்பன் எங்க போச்சு? மியூர்ஃபீல்டு. எத்தனை குழி? பதினெட்டு. ஏன் போச்சுன்னு யோசிங்க.

தோள்பை:
மஸ்ஸல்பரோவில் கூட்டம் தாங்காமல், அங்கே ஓப்பனை நடத்திவந்த கிளப்பே மியூர்ஃபீல்டுக்கு இடம் மாறியது, கூடவே ஓப்பனும் போனது. குழி எண்ணிக்கை பிடிக்காமல் யாரும் ஓடிப்போகவில்லை.

குறும்பட்டர்:
வழிப்போக்கன் கேட்டது போக ஒரு மைதானம். கிடைச்சது சரித்திர வகுப்பு. நடத்துங்க.

வழிப்போக்கன்:
ஐயா, நான் இன்னும் இங்கதான் இருக்கேன். பயணம் நெருங்குது. எப்படித் தேடறதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

தோள்பை:
சொல்கிறேன். முதலில் நட்சத்திர மதிப்பெண்ணை நம்பாதீர்கள். குக்கிராம மைதானத்துக்கு நாலைந்து பேர்தான் மதிப்பிட்டிருப்பார்கள், அதில் பாதி உறுப்பினர்களின் உறவுக்காரர்கள். புகார்களைப் படியுங்கள். "காற்று தாங்க முடியவில்லை", "கொடி கண்ணுக்கே தெரியவில்லை", "தட்டையான இடமே இல்லை" என்று எவராவது புலம்பியிருந்தால் உடனே கிளம்புங்கள். "மைதானத்துக்குள் ஓட்ட வண்டி கிடைக்கவில்லை" என்று புலம்பினால் இன்னும் நல்லது.

அடுத்தது செயற்கைக்கோள் வரைபடம். டீயிலிருந்து கிரீன் வரை புல் வெட்டிய ஃபேர்வேக்கள் உழுத வயல் மாதிரி நேர்கோட்டில் பக்கம்பக்கமாகக் கிடந்து, நடுவில் வரிசையாக மரம் நட்டிருந்தால் விட்டுவிடலாம். நிலம் மேடும் பள்ளமுமாக நிழல் காட்டினால், பக்கத்தில் மணல்மேடோ ஓடையோ இருந்தால், அதற்காக ஒரு மணி நேரம் வழிமாறிப் போகலாம். மணற்பாங்கான மண் மழை விட்ட கையோடு காய்ந்துவிடும். களிமண்ணில் அடுத்த நாளும் பந்து புதையும். மண்ணைப் பார்க்காமல் குழியை எண்ணுகிறவர்களை என்ன சொல்ல.

கிளம்புமுன் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு கேள்வி போதும்: கிரீனில் காற்றோட்டத் துளை எப்போது போட்டீர்கள்? நாளைக்குப் போட்டி ஏதும் உண்டா? யாரும் எடுக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள். அங்கே ஆளே இருக்காது, கட்டணம் போட உண்டியல்தான் இருக்கும். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு மட்டை கிடைக்காது, பாதி செட்டாவது எடுத்துப் போங்கள்.

நாட்டாமை18:
இவ்வளவு நீளமா எழுதினதுல பத்தாவது குழி எங்க இருக்குன்னு மட்டும் இல்ல. அத்துவானத்திலும் பதினெட்டு உண்டு, தேடத்தான் தெம்பு வேணும். அமெரிக்காவில, நெப்ராஸ்காவில முல்லன் பக்கம் சாண்ட் ஹில்ஸ், 1995-ல மைதான வடிவமைப்பாளர்கள் கூர், கிரென்ஷா ரெண்டு பேரும் போட்டது. சுத்தி ஒண்ணுமே கிடையாது.

தோள்பை:
அது தனியார் கிளப். உறுப்பினர் அழைக்காமல் வழிப்போக்கன் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். நீங்கள் உள்ளே போயிருக்கிறீர்களா? ஆமாம் அல்லது இல்லை.

நாட்டாமை18:
டாஸ்மேனியாவில பார்ன்பூகிள். 2004. யார் வேணா ஆடலாம். பதினெட்டு.

தோள்பை:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. குறித்துக்கொள்கிறேன். பார்ன்பூகிள் அருமைதான், ஆனால் அது விமான டிக்கெட் போட்டுத் தேடிப்போகிற இடம். இங்கே கேள்வி போகிற வழியில் கிடைப்பதைப் பற்றி. பதினெட்டுதான் வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவில் நல்லார்போர் லிங்க்ஸ் இருக்கிறது. நெடுஞ்சாலை நெடுக, செடுனாவிலிருந்து கல்கூர்லி வரை 1,365 கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. பதினெட்டுக் குழி, எதுவும் ரெண்டு தடவை வராது. சௌக்கியமாகப் போய் ஆடிவிட்டு வாருங்கள், அதுவரை இங்கே நிம்மதி.

குறும்பட்டர்:
இது நல்லா இருக்கு. டிரைவர்னா அங்க ரெண்டுமே வேணும், டிரைவர் மட்டையும் கார் ஓட்டற டிரைவரும்.

மணல்மேடு:
ஒன்பது, பதினெட்டுன்னு அடிச்சுக்கறீங்க. உண்மையான தொலைதூரத்துல புல்லே கிடையாது சாமி. எண்ணெய் கலந்த மணல்தான் கிரீன். பந்தைக் குழிக்கு உருட்டி பட் பண்ணறதுக்கு முன்னாடி இழுவையால வழிச்சுக்கணும். ஆஸ்திரேலியாவில கூபர் பெடியில டீயடிக்கக் கையோட செயற்கைப் புல் துண்டு எடுத்துட்டுப் போறாங்க. வெயில் தாங்காம ராத்திரியில ஒளிரும் பந்து வெச்சு ஆடறாங்க. அதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல.

ஸ்லோப்113:
மணல் கிரீனில் பட்டிங் திறமைக்கு வேலையே இல்லை. எல்லாமே சமதளம்.

மணல்மேடு:
அமெரிக்காவில பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்துல 1935 வரைக்கும் மணல் கிரீன்தான். இப்ப யு.எஸ். ஓப்பன் நடக்கிற இடம். அங்க ஆடினவங்களுக்கெல்லாம் திறமை இல்லையா? ஆட்டக்காரரோட திறமையை எண்ணாக்கற ஹேண்டிகேப் கணக்குப் போட்டுட்டே காலத்தை ஓட்டறவங்க சொல்லக் கூடாது.

ஸ்லோப்113:
கணக்கு என்றால் கேவலமா? ஸ்லோப் ரேட்டிங் 55 முதல் 155 வரை, பொதுவான திட்ட அளவு 113. தெரியாத ஊரில் ஒரு மைதானம் கைதேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுதல் கடினம் என்று போகுமுன்பே சொல்வது அந்த எண்தான். ஒன்பது குழி ஸ்கோரை உலக ஹேண்டிகேப் முறை ஏற்கிறது என்பதும் 2024 முதல் அதை எதிர்பார்ப்பு ஸ்கோரோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள் என்பதும் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

நாட்டாமை18:
பாத்தீங்களா! மீதி ஒன்பதை "எதிர்பார்த்து" நிரப்பறாங்க. அப்ப ஒன்பது பாதின்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஸ்லோப் சாருக்கு நன்றி.

ஸ்லோப்113:
நான் சொன்னது அதற்கு நேர்மாறாக.

தோள்பை:
ஸ்லோப் சார், கேட்காமலே எதிராளிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பது உங்களுக்குப் புதிதில்லை. பையை உருட்டிப்போகும் டிராலி பற்றிய பழைய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

ஸ்லோப்113:
டிராலி தவறு என்று நான் எந்தக் காலத்திலும் சொல்லவில்லை. "பையைத் தோளில் சுமக்காதவன் ஆட்டக்காரனே இல்லை" என்று எழுதியது நீங்கள். முதுகு போனவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

தோள்பை:
முதுகு போகிற அளவுக்குப் பதினான்கு மட்டையைத் தூக்கச் சொன்னது யார்? ஏழு போதும். டர்னஸில் ஏழுக்கு மேல் எடுத்துப்போனால் காற்றில் எதை எடுப்பது என்றே குழம்பிப்போவீர்கள்.

நாட்டாமை18:
பாதிக் குழிக்குப் பாதி மட்டை. கணக்கு சரியா வருது.

வழிப்போக்கன்:
நான் தேடினதுல ரெண்டு இடம் சிக்கியிருக்கு. ஒண்ணு பதினெட்டு, ஆனா படத்தில தோள்பை சார் சொன்ன அந்த உழுத வயல் மாதிரியே இருக்கு. இன்னொண்ணு ஒன்பது, ஆத்தங்கரை, "இலக்கு தெரியாம கண்மூடி அடிக்கணும், கடுப்பு" அப்படின்னு ஒரே ஒரு புகார். எதுக்குப் போக?

தோள்பை:
ஒன்பது. கேள்வியே வேண்டாம்.

நாட்டாமை18:
பதினெட்டு. ஒன்பதுக்குப் போனா ஆடினதையே திரும்ப ஆடிட்டு வருவீங்க.

மணல்மேடு:
கிரீன் என்னன்னு கேட்டீங்களா? மணலா, புல்லா?

குறும்பட்டர்:
தோள்பை உண்டியலைப் பத்திப் பேசினதும்தான் ஞாபகம் வருது. "ஆளில்லாத இடத்துல ஆட்டத்தைப் பாதியில விட்டா பாதிக் காசு போட்டாப் போதும்"னு முன்னாடி எழுதினது யாருங்க?

தோள்பை:
மழையில் மூன்று குழியோடு நிறுத்தியதைப் பற்றி எழுதியது அது. முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

குறும்பட்டர்:
மூணு குழிக்குப் பாதிக் காசு நியாயம்தான். ஒன்பதுக்கு ரெண்டு தடவை போட்டீங்களா, ஒரு தடவையா?

தோள்பை:
இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும். ரசீதுத் துண்டைக் கிழித்துப் பையில் கட்டியிருக்கிறேன், படம் வேண்டுமானால் போடுகிறேன்.

நாட்டாமை18:
படத்தைப் போடுங்க. ரெண்டு துண்டுலயும் ஒரே தேதியான்னு பாக்கணும்.