புதுப்பிப்பு: கிருஷ்ணகிரி பைப் கடை, மூன்று மாதம் கழித்து

கிருஷ்ணகிரியில் பைப் கடை வைத்திருக்கிறேன், கணக்கு எழுதியே இரவு 11 ஆகிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

இப்போது தினமும் மதியம் 2 மணிக்கு, கடை ஓய்ந்திருக்கும்போது, அன்றைய கொள்முதல் பில்களை அன்றே பதிந்துவிடுகிறேன். இருபது நிமிடம்தான். முன்பு மாதக் கடைசியில், காணாமல்போன பில்லுக்காக ஓசூர் மொத்த வியாபாரியிடம் கெஞ்சிக்கொண்டிருப்பேன்.

அப்புறம், ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி ரிட்டர்னைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறைக்கு மாறினேன். காலாண்டின் முதல் இரண்டு மாத வரியை மட்டும் அடுத்தடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்கு விற்றால், அந்த பில்களை மறுமாதம் 13ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) தள்ளிப்போகும், பாவம்.

ஞாயிறு மதியம் கடையை மூடுகிறேன். மகளோடு கேஆர்பி அணைக்கு இரண்டு முறை போய்வந்தாயிற்று.